சுழியும் சுருளும்

தமிழர் ஏட்டில் எழுதுகோலை வைக்கும்போது முதலில் விழுவது பிள்ளையார் சுழி. கணக்கேடாயினும் கவிதையேடாயினும், திருமண ஓலையாயினும் கடன் பத்திரமாயினும், ஒரு சிறு சுழிப்பும் அதனைத் தொடரும் கோடும் இட்ட பின்னரே எழுத்துத் தொடங்கும். அதன் பொருள் யாதெனக் கேட்டால் விநாயகரின் வளைந்த துதிக்கை என்பார் சிலர். ஓங்காரத்தின் சுருக்கம் என்பார் சிலர். உகரமே என்பார் வேறு சிலர். விளக்கங்கள் பலவாயினும் வடிவம் ஒன்றே. ஒரு புள்ளியில் பிறந்து, அதனைச் சுற்றிக்கொண்டே அதனை விட்டு விலகிச் செல்லும் கோடு அது. கல்லிலும் மரத்திலும், கொடியிலும் சங்கிலும், நீரிலும் மாட்டின் நெற்றியிலும் அக்கோட்டைக் காணலாம். 1997 சனவரி முதல் நாள் வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலம், நாமக்கல் சமவெளியில் அதன் வரலாற்றைத் தேடுவோர்க்குக் கிடைக்கும் செய்திகள் சிலவல்ல.

முதலில் சொல்லை நோக்குதல் வேண்டும். சுழி, சுருள், புரி என்னும் மூன்று சொற்களையும் ஒரு பொருட் பன்மொழியாகக் கொள்வது பிழை. சுழி தன் நடுவை நோக்கி இழுப்பது. ஆற்றில் அகப்பட்டவன் அறிவான். சுருள் தன் நடுவிலிருந்து விரியக் கூடியது; பாயும் ஓலையும் கூந்தலும் வெற்றிலையும் சுருள்வன. புரி ஓர் அச்சைச் சுற்றி ஏறுவது. கயிற்றுக்கும் சங்குக்கும் உரியது. இவற்றுள் சுழிக்கே பொருள் விரிவு மிகுதி. எண்ணில் அது பாழைக் குறிக்கும். விதியைத் தலைச்சுழி என்பது நாட்டு வழக்கு. ஒன்றுமின்மைக்கும் ஊழுக்கும் தொடக்கத்திற்கும் ஒரே சொல்லை வைத்த மொழியில் அவ்வடிவம் வெறும் அலங்காரமாக நின்றிருக்க இயலாது.

நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை மாட்டுச் சந்தையில் இச்சொல் இன்றும் உயிரோடு உலவுகிறது. மாட்டின் பல்லைப் பிடித்து வயது பார்ப்பது போலவே, மயிர் சுழித்திருக்கும் இடங்களையும் பார்த்து விலை பேசுவது கொங்கு நாட்டு உழவர் மரபு. கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி, ராசமந்திரிச் சுழி என்பன கொள்ளத்தக்கவை. பாடைச் சுழி, விலங்குச் சுழி, துடைப்பச் சுழி என்பன தள்ளத்தக்கவை. நல்ல உழைப்பாளியான காளை ஒன்று, முதுகில் ஒரு விரற்கடை இடம் மாறிச் சுழித்த மயிரின் பொருட்டு அடிமாட்டு விலைக்குப் போவதும் உண்டு. நம்பிக்கையின் நியாயம் எவ்வாறாயினும், பெயர்களை நோக்கின் இடுகுறியாக வைத்தது ஒன்றும் இல்லை. கோபுரம், பாடை, விலங்கு, துடைப்பம் என ஒவ்வொன்றும் கண்ணாற் கண்ட வடிவத்திற்கு இட்ட உவமை. இவ்வாறு சுழிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட உழவன், கோயில் தூணில் உள்ள சுருளை மட்டும் பெயரின்றி விட்டிருப்பானா?

கல்லில் உள்ள சுருளைப் பற்றி அறிஞரிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. கிரேக்க நாட்டு ஐயோனியத் தூண்களின் தலையில் இருபுறமும் சுருண்டு தொங்கும் வடிவம் உலகறிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியசு அதனை மகளிரின் நெற்றியோரத்துச் சுருள்முடிக்கு ஒப்பிட்டார். அலெக்சாந்தரின் படையெடுப்பிற்குப் பிறகு அவ்வடிவம் வடமேற்கு இந்தியாவில் கால் ஊன்றியது. தட்சசீலத்தை அடுத்த சாண்டியால் கோயிலில் ஐயோனியத் தூண்களே நின்றன. 1895இல் பாட்னாவில் வாடெல் என்பார் அகழ்ந்தெடுத்த பாடலிபுத்திரப் போதிகையில் சுருள்களும் விரிந்த இலைக்கொத்தும் உள்ளன. அது மௌரியர் காலத்தது என்பர். இவற்றை வைத்து, இந்தியக் கல்லில் உள்ள சுருள் யாவும் மேற்கின் கடன் என்றனர் ஒரு சாரார். அனைத்தும் நம்முடையதே, அங்கிருந்தோர்தாம் இங்கிருந்து கொண்டனர் என்றனர் மறு சாரார்.

இரு சாராரும் விடையைப் பிறப்பிடத்தில் தேடினர். வியன்னாவின் அலோயிசு ரீகல் 1893இல் வெளியிட்ட தம் நூலில், எகிப்தின் தாமரைக் கோலத்திலிருந்து கிரேக்கக் கொடி வழியாக அரபு நாட்டுப் பூவேலை வரை ஒரே இழை ஓடுவதைக் காட்டினார். எனினும் இழை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் அது என்ன வேலை செய்தது என்பதே வரலாற்று மாணவர்க்குப் பயன்தரும் கேள்வி. ஐயோனியச் சுருள் தூணின் தலையில் அமர்ந்திருக்கிறது, அங்கேயே முடிகிறது. தமிழகத்துச் சுருள் அவ்வாறு ஓரிடத்தில் அடங்குவதில்லை. படிக்கட்டின் பக்கச்சுவரில் யாளியின் வாயிலிருந்து புறப்படுகிறது, மகரத்தின் வாலாக விரிகிறது, போதிகையில் அலையாகிறது, பின்னர் மொட்டாகித் தொங்குகிறது.

இவ்விலக்கணத்தை அழகுபட விளக்கியவர் கொழும்பில் பிறந்த தமிழறிஞர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. இயக்கர் பற்றி 1928, 1931 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அவர் எழுதிய ஆய்வில், இந்தியக் கலையின் தொடர்கொடி ஏதேனும் ஓர் ஊற்றிலிருந்தே பிறக்கிறது என்பதை எடுத்துக் காட்டினார். நிறைகுடத்தின் வாய், இயக்கனின் வாய் அல்லது கொப்பூழ், மகரத்தின் பிளந்த வாய் என அவ்வூற்று மாறும், கொடி மாறாது. அது நீரின் வடிவம். நீரினின்று எழும் உயிரின் வடிவம். இதனை மனத்திற் கொண்டு நோக்கினால், தாராசுரத்துப் படிகளின் பக்கங்களில் சோழச் சிற்பியர் வடித்த சுருள்யாளி வேறு விதமாகத் தெரியும். யாளியின் வாயிலிருந்து இறங்கும் துதிக்கை படியோரமாகச் சரிந்து நிலத்தருகே சுருண்டு அமர்கிறது. ஏறுவோர் கை வைக்கும் இடத்தில் ஓர் அருவி கல்லாக நிற்கிறது.

தமிழகத்துக் கோயில்களின் காலத்தைச் சுருளை வைத்தே கணிக்கலாம் என்று காட்டியவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். 1914இல் வெளிவந்த தென்னிந்தியத் தொல்லியல் நூலில், அரசர் பெயரையும் கல்வெட்டையும் மட்டும் நம்பாது, தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் வடிவ மாற்றத்தை அவர் வரிசைப்படுத்தினார். பல்லவர் காலப் போதிகையின் வளைவில் உருளை உருளையாக அலைகள் அடுக்கியிருக்கும். நடுவே ஒரு பட்டை அவற்றைக் கட்டியது போல் ஓடும். தரங்கப் போதிகை என்பது அதன் பெயர். தரங்கம் என்றால் அலை. சோழர் காலத்தில் அலை மறைந்து, சாய்வாக வெட்டிய முகமும் நடுவே முன்துருத்திய பகுதியும் வருகின்றன. பின்னர் அத்துருத்தல் நீண்டு வளைகிறது. விசயநகர, நாயக்கர் காலங்களில் நுனி கீழ்நோக்கிச் சுருண்டு, வாழைப்பூப் போன்ற மொட்டாகத் தொங்குகிறது. அலை, வெட்டு, மொட்டு என இம்மூன்றையும் கண்ணில் ஏற்றிக்கொண்டவர் கல்வெட்டுப் படிக்கத் தெரியாவிடினும் மண்டபத்தின் காலத்தை ஒருவாறு சொல்லிவிட முடியும்.

சேலம், நாமக்கல் பகுதி இக்கணிப்பிற்கு இரு முனைகளையும் தருகிறது. ஒரு முனை நாமக்கல் மலை. ஒரே பாறையாகிய அம்மலையின் மேற்கில் நரசிங்கர் குடைவரையும் கிழக்கில் அரங்கநாதர் குடைவரையும் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. கிழக்குக் குடைவரையைக் கல்வெட்டு அதியேந்திர விட்ணுகிருகம் என்று கூறுகிறது. தகடூரிலிருந்து ஆண்ட அதியர் மரபினரின் பெயர், சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் கல்லில் நிலைத்திருப்பதைக் காட்டும் அரிய சான்று இது. உள்ளே பள்ளிகொண்ட பெருமானின் படுக்கையே ஒரு சுருள். பிற இடங்களில் அதனை ஆதிசேடன் என்பர். நாமக்கல்லில் கார்க்கோடகன் என்பது தலவழக்கு. இறைவன் துயில, பாம்பு மட்டும் விழிப்போடு மடி மடியாகச் சுருண்டு கிடக்கிறது.

பாம்பின் சுருள் அம்மலையோடு நிற்கவில்லை. நாககிரி எனப் பெயர் பெற்ற திருச்செங்கோட்டு மலையில், படியேறுவோரின் பாதையோரப் பாறையில் ஏறத்தாழ 60 அடி நீளத்திற்கு ஒரு நாகம் நெளிந்து கிடக்கிறது. கோயிற் சுவருக்குள் அடக்கிய சிற்பம் அன்று அது. மலைச்சரிவே பாம்பாயிற்று. ஏறுவோர் அதன் உடலருகே நடந்து செல்கின்றனர். மஞ்சளும் குங்குமமும் பூசிச் செல்கின்றனர். கலை நூல்களில் அதற்கு உரிய இடம் கிடைக்காததற்குக் காரணம், அதனைச் சிற்பம் என்பதா பாறை என்பதா என்று நூலோர் தயங்கியதாகவே இருக்கலாம்.

மறு முனை தாரமங்கலம். கெட்டி முதலியார் கட்டிய கயிலாசநாதர் கோயில் இன்றுள்ள வடிவைப் பதினேழாம் நூற்றாண்டில் பெற்றது. நாமக்கல் குடைவரைக்கும் இதற்கும் இடையே சற்றொப்ப 900 ஆண்டுகள். குடைவரையில் பாறையைக் குறைத்து இடம் தேடிய சிற்பி, தாரமங்கலத்தில் கல்லுக்கு இயல்பல்லாத அனைத்தையும் கல்லால் செய்துகாட்ட முனைந்துவிட்டான். யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை உருள்கிறது. கையை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க இயலாது. கல்லில் சங்கிலி தொங்குகிறது. கூரையில் தாமரை கவிழ்ந்து விரிய, அதனைச் சூழ்ந்து கிளிகள் தலைகீழாய்த் தொற்றியிருக்கின்றன. இத்தகைய வேலையைக் கண்டு திகைத்த பிற்காலச் சிற்பியர், ஒப்பந்தம் எழுதும்போது சில கோயில்களின் குறிப்பிட்ட வேலைகள் நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று எழுதியதாக ஒரு வழக்கு உண்டு. அவ்விலக்குப் பட்டியலில் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் இடம்பெறும். தாரமங்கலத்துத் தூணையும் சேர்த்துச் சொல்வாருண்டு. காவிரி வலமாகச் சுழித்த இடம் என்பதால் வலஞ்சுழி எனப் பெயர் பெற்ற ஊரும் தாரமங்கலமும் ஒரே பட்டியலில் சந்திப்பது தற்செயல்தான். ஆயினும் இனிய தற்செயல்.

நாயக்கர் காலக் கலையைத் தேய்வின் அடையாளம் என்று தள்ளும் பழக்கம் அறிஞரிடையே நெடுநாள் இருந்தது. வித்தை மிகுந்து கலை குறைந்தது என்பது குற்றச்சாட்டு. உருளும் கல்லுருண்டையைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. சுருளைப் பொறுத்தவரை இல்லை. பாரம் தாங்கும் போதிகையின் நுனியில் மொட்டைத் தொங்கவிட்ட சிற்பி, மேலிருந்து இறங்கும் எடையைக் கண்ணுக்கு மலராக மாற்றிவிட்டான். பல்லவன் தொடங்கிய அலை கரை சேர்ந்த இடம் அதுவே எனலாம்.

இம்மரபு சேலம் மாவட்டத்தில் இன்று கல்லைவிட மரத்திலேயே மிகுதியாக வாழ்கிறது. தம்மம்பட்டி மரச்சிற்பியர் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்குகின்றனர். உருவத்தைச் சூழும் திருவாசியில் மகரமும் யாளியும் கொடியும் இன்றி அவர்கள் வேலை முடிவதில்லை. கொடிக்கருக்கு, இலைக்கருக்கு எனக் கைவினைஞர் வழங்கும் சொற்கள் பனைமட்டையின் கருக்கை நினைவூட்டுவன. உளியின் கூர்மையும் இலையின் விளிம்பும் ஒரு சொல்லில் கூடியிருக்கின்றன. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் சுருளுக்கு இடம் உண்டு. கம்பியைக் கோலில் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்கி, நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். அவற்றைக் கோத்தால் சங்கிலி. வளையம் என்பது வெட்டுண்ட சுருள் என்பதை அப்பட்டறைச் சிறுவனும் அறிவான்.

செடிகொடிகளைக் காணாது சிற்பி இதனைக் கற்றிருக்க இயலாது. பாகலும் பீர்க்கும் சுரையும் பந்தலைப் பற்ற நீட்டும் கம்பிகளைச் சார்லசு டார்வின் நோயுற்றுக் கிடந்த காலத்தில் கூர்ந்து நோக்கி 1865இல் எழுதினார். கம்பியின் நுனி கொம்பைப் பற்றியதும் எஞ்சிய பகுதி சுருளத் தொடங்கும். இரு முனையும் கட்டுண்ட கம்பி ஒரே திசையில் சுருள முடியாது, முறுக்கேறி அறுந்துவிடும். ஆதலால் நடுவில் ஓரிடத்தில் திசை மாறும். ஒரு பாதி வலமாகவும் மறு பாதி இடமாகவும் சுருளும். காற்றில் செடி ஆடும்போது வில்கம்பி போல் நீண்டு சுருங்கிக் காக்கும். கோயில் நிலைக்கால்களில் ஓடும் கொடிக்கருக்கைப் பார்த்தால், அங்கும் ஒரு வளைவு வலம் சுழித்தால் அடுத்தது இடம் சுழிக்கும். சிற்பிக்கு அது அழகின் விதி. பாகற்கொடிக்கு உயிரின் விதி. பாரி தேர் ஈந்த முல்லைக்கு இத்தகைய பற்றுக்கம்பி இல்லை என்பதையும் ஈண்டு நினைத்துக்கொள்ளலாம். பற்றுவதற்குக் கையில்லாத கொடிக்கே அவன் தேரைக் கொடுத்தான்.

வல்வில் ஓரியின் கொல்லிமலைக்கு இன்று 70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை வழியே ஏறிச் செல்வோர், இறங்கும்போது அன்னாசிப் பழம் வாங்கி வருவர். அப்பழத்தின் கண்களை வரிசை பிடித்து எண்ணினால் ஒரு பக்கமாகச் சரிந்து ஏறும் சுருள்கள் பெரும்பாலும் 8. எதிர்ப்பக்கமாக ஏறுவன 13. சூரியகாந்திப் பூவின் வித்துகளில் 34உம் 55உம் காணப்படும். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 எனச் செல்லும் இவ்வெண்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. 1202இல் நூல் எழுதிய இத்தாலியக் கணக்கறிஞர் பிபொனாச்சியின் பெயரால் உலகம் இதனை அறியும்.

அவருக்கு முன்பே இவ்வரிசையைக் கண்டவர்கள் யாப்பிலக்கணக்காரர்கள் என்பது புலவர் மகிழ வேண்டிய செய்தி. விரகாங்கர் என்பாரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த சமண ஆசிரியர் ஏமசந்திரரும் வடமொழி, பிராகிருத யாப்பை ஆராயும்போது இதனை எழுதி வைத்தனர். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இத்தனை மாத்திரை கொண்ட அடியை எத்தனை வகையாக அமைக்கலாம்? மூன்று மாத்திரைக்கு மூன்று வகை: மூன்று குறில், குறில் நெடில், நெடில் குறில். நான்கிற்கு 5, ஐந்திற்கு 8, ஆறிற்கு 13. காரணமும் எளியதே. அடியின் இறுதி எழுத்து குறிலாயின் அதனை நீக்க ஒரு மாத்திரை குறைந்த அடி எஞ்சும். நெடிலாயின் இரண்டு குறைந்த அடி எஞ்சும். ஆகவே முந்திய இரு எண்களைக் கூட்டினால் போதும். தமிழ் யாப்பு அசையையும் சீரையும் அடிப்படையாகக் கொண்டதாகலின் நம் இலக்கணிகள் இவ்வழியில் கணக்கிடவில்லை. எனினும் குறிலும் நெடிலும் மாத்திரையும் தொல்காப்பியர் நமக்குச் சொன்னவை. திருச்செங்கோட்டு முருகனைப் பாடிய அருணகிரியாரின் சந்தத்தில் ஊறிய செவி, அன்னாசிப் பழத்தின் சுருளைக் கேட்கவும் கூடும்.

தமிழ்ப் புலவர் சுருளை எண்ணாகக் காணாவிடினும் செய்யுளாகக் கண்டனர். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் சுழிகுளம் ஒன்று. அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி எழுதி, மேலிருந்து கீழிறங்கிப் படித்தாலும், கீழிருந்து மேலேறிப் படித்தாலும், வெளியிலிருந்து சுழன்று உள்ளே சென்று நடுவில் முடியப் படித்தாலும் அதே செய்யுள் வருமாறு அமைப்பது. குளத்து நீர் சுழிப்பது போல் பாட்டு சுழிக்கும். இதனை வெறும் சொல்விளையாட்டு என்று புதுக்கவிஞர் ஒதுக்குவதில் வியப்பில்லை; பெரும்பாலான சித்திரகவிகளில் கவிதை மூச்சுத் திணறுவது உண்மை. ஆனால் தாரமங்கலத்துக் கல்லுருண்டையை வியப்போர் சுழிகுளத்தை மட்டும் எள்ளுவது முறையாகாது.

கணித நூலார் சுருளை இரண்டாகப் பிரிப்பர். சுருட்டிய பாயில் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடைவெளி மாறாது. ஆர்க்கிமிடீசு ஆராய்ந்த சுருள் அது. சங்கிலோ சுற்றுதோறும் இடைவெளி பெருகும். அளவு வளர வளர வடிவம் மட்டும் மாறாது. இவ்விரண்டாம் சுருளில் மனத்தைப் பறிகொடுத்த யாக்கோபு பெர்னூலி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், எவ்வளவு மாறினும் மீண்டும் அதுவாகவே எழுவதாகப் பொருள்படும் இலத்தீன் தொடரோடு அதனைத் தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார். 1705இல் அவர் மறைந்தார். பாசல் நகரில் அவர் நினைவுக்கல்லைச் செதுக்கிய கொத்தன் சங்கின் சுருளுக்குப் பதில் பாயின் சுருளை வெட்டிவிட்டான். இன்றும் அது அப்படியே இருக்கிறது. சங்கிலும் ஒரு குழப்பம் உண்டு. நாம் வலம்புரி எனப் போற்றும் அரிய சங்கை விலங்கியலார் இடச்சுழிச் சங்கு என்பர். பிடித்துப் பார்க்கும் முறை வேறானதால் வந்த வேறுபாடு அது.

கொத்தன் பிழையாக வெட்டிய சுருளாவது கல்லில் இருக்கிறது. சரியாக வெட்டிய சுருள்கள் நம் நாட்டில் மறைந்த விதம் வேறு. குடமுழுக்கை ஒட்டிக் கோயில் தூண்களின் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்க, அழுத்தக் காற்றோடு மணலை வீசிக் கழுவும் முறை தமிழகத்தில் சில காலம் பரவியிருந்தது. தூண் புதிது போல் பளிச்சென்று தோன்றும். மேலோட்டமாக வெட்டிய கல்வெட்டெழுத்தும், நூலளவு ஆழமே உள்ள கொடிக்கருக்கும் மணலோடு போய்விடும். எதிர்ப்பு எழுந்த பின் அறநிலையத்துறை அம்முறையைத் தடை செய்தது. தடைக்கு முன் மழுங்கியவை மழுங்கியவையே. யாளியும் இறையுருவும் உடைந்தால் ஊர் கூடிக் கேட்கும். சுருளின் நரம்பு மழுங்கியதைக் கேட்க யாரும் வருவதில்லை. ஆனால் மண்டபத்தின் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அந்நரம்புதான். ஒளிர்வண்ணப் பூச்சு மற்றொரு கேடு. போதிகை மொட்டின் இதழ் மடிப்புகளை அது நிரப்பிவிடும். சில ஆண்டுகளுக்கொரு முறை மேலும் ஒரு பூச்சு ஏறும்.

எழுத்திலும் ஒரு சுருள் மறைந்தது. ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்னர் வேறு வடிவம் இருந்தது. எழுத்தின் முன்னே மேலெழுந்து வளையும் அச்சுழிப்பை யானைத் துதிக்கை என்றே பள்ளிப்பிள்ளைகள் அழைத்தனர். ணா, றா, னா என்பனவும் காலுக்குப் பதிலாகச் சுழித்தே நின்றன. ஈரோட்டுப் பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் இவற்றை நேராக்கி அச்சிட்டார். 1978இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அச்சுக்கோப்போர்க்கும் குழந்தைகளுக்கும் அது நன்மையே செய்தது. தட்டச்சுப் பொறியின் சுமை குறைந்தது. அதனை எதிர்த்து இன்று வழக்காடுவதில் பொருளில்லை. எனினும் 1978க்கு முன் அச்சான கவிதை நூலொன்றைத் திறப்போர், வரிகளின் நடுவே அங்கங்கே துதிக்கை தூக்கி நிற்கும் அவ்வெழுத்துகளைக் காண்பர். மூத்த புலவர் சிலர் தம் கையெழுத்தில் அவற்றை இன்னும் விடவில்லை. அவர்கள் எழுதும் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழியும், கீழே மலையும் மனையும் பழைய சுருளோடு இருக்கின்றன.